மேசைக்கடியில் கழற்றி வைத்த செருப்பு

தவமலர் அக்கா இறந்த செய்தி எனக்குப் படமாகத்தான் வந்தது. நிலாவெளியிலிருந்து வேலைக்கு வரும் பஸ்ஸில் தொலைபேசியைத் திறந்தேன். யாரோ அவருடைய படத்தை வெட்டி, சுற்றிவர ரோசாப்பூ வைத்து, கீழே கண்ணீர் அஞ்சலி என்று போட்டிருந்தார்கள். மாரடைப்பு என்று பிறகுதான் தெரிந்தது. எனக்கு முதலில் அழுகை வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. அது இன்னும் போகாதபடியால் இதை அமைதியாக எழுத என்னால் முடியாது. சனிக்கிழமைகளில் மூச்சுப் பயிற்சிக்கு அவரோடு பாய் விரித்து உட்கார்ந்த உங்களுக்கு அது விளங்கும்.

அலுவலகத்தில் காணிப் பிரிவில் எனக்கும் அவருக்கும் பக்கத்துப் பக்கத்து மேசைகள். யாராவது அலுமாரிக் கதவை அடித்துச் சாத்தினால் அக்கா எழுதுவதை நிறுத்திவிடுவார். மேசைக்கடியில் செருப்பைக் கழற்றி, இரண்டு பாதங்களையும் சீமெந்துத் தரையில் அழுத்தி வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருப்பார். “என்னக்கா, காலுக்குக் காத்து வாங்குறீங்களோ?” என்று ஒருநாள் பகிடி பண்ணினேன். “இல்லைப் பிள்ளை. நான் இப்ப கந்தோரில இருக்கிறன், அப்பான்ர வீட்டில இல்லை எண்டு காலுக்குச் சொல்லுறன்” என்றார். சொல்லிவிட்டுப் பேனையை எடுத்துக்கொண்டார்.

அந்த வீட்டைப் பற்றிப் பிறகு ஒரு மத்தியானம் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்தபடி சொன்னார். படலையடியில் அப்பாவின் சைக்கிள் ஸ்டாண்ட் தட்டுப்படும் சத்தம் கேட்டால் அவரும் தமையனும் அறை அலுமாரிக்குப் பின்னால் ஒளிப்பார்களாம். அன்றைய அடி பெல்ட்டா, விறகா என்பது அப்பாவின் குடியைப் பொறுத்தது. யுத்தம் முடிந்தபின் ஒரு நிறுவனம் நடத்திய உளநலப் பயிற்சிக்கு மொழிபெயர்க்கப் போன இடத்தில், பயந்த உடம்பு என்ன செய்யும் என்று மற்றவர்களுக்காகத் தமிழில் சொல்லிக்கொண்டிருந்தபோது பாதி வசனத்தில் நின்றுவிட்டாராம். தன்னைப் பற்றித்தான் சொல்லிக்கொண்டிருப்பது என்று அப்போதுதான் பிடிபட்டதாம். “சண்டையைப் பற்றிக் கேக்க எத்தினையோ பேர் வந்தவை பிள்ளை. வீட்டைப் பற்றி ஒருத்தரும் கேக்கேல்ல” என்றார். என்னை வளர்த்த மாமி அடிக்க எடுக்கும் அகப்பைக் காம்பு என் தொண்டைக்குள் நின்றது.

அப்படித்தான் நானும், அக்கா சனிக்கிழமைகளில் பயிற்சி நடத்திய, சந்தைக்குப் பக்கத்து ரியூசன் வகுப்பு மாடிக்கு வந்து சேர்ந்தேன். அங்கே முதல் மாதங்களில் அக்காவை எனக்குப் பிடிக்கவே இல்லை என்பதையும் சொல்லவேண்டும். எனக்கு மருந்து வேண்டியிருந்தது. அவரோ மூச்சைக் கவனி, தோளைக் கவனி என்று கொண்டிருந்தார். “பயம் எங்க இருக்கு இப்ப?” என்று கேட்பார். மனதில் என்றால் விடமாட்டார். “மனம் எங்க? வயித்திலயோ, தொண்டையிலயோ?” ஒருநாள் பொறுக்காமல் எழும்பி, படியிறங்கிக் கீழே கடையில் பிளேன்ரீ குடித்துவிட்டுத் திரும்பி வந்தேன். என் பாய் விரித்தபடியே கிடந்தது. கோபிப்பார் என்று நினைத்தேன். “கோவம் வந்தோண்ண எழும்பிப் போக உமக்கு ஏலுது. சின்னனில ஏலுமா இருந்ததோ?” என்று மட்டும் கேட்டார். நான் அழுதது அன்றைக்குத்தான்.

அதற்காக எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைக்காதீர்கள். இத்தனை வருடம் மூச்சுவிட்டுப் பழகியும், யாராவது குரலை உயர்த்தினால் என் தொண்டை பூட்டிக்கொள்கிறது. இதைச் சொல்லி அவரோடு சண்டையே பிடித்திருக்கிறேன். “சுகம் எண்டா இனி வராது எண்டில்லைப் பிள்ளை. வந்தா ஆர் வந்திருக்கிறதெண்டு தெரியும், அவ்வளவுதான்” என்பார். அந்த அவ்வளவுதான் எனக்கு ஒருநாளும் போதவில்லை.

செத்த வீட்டில் எங்கள் அலுவலகத்து ஒருவர், “மூச்சுப் பயிற்சி செய்தவவுக்கே மூச்சு நிண்டுட்டுது பாருங்கோ” என்று பக்கத்துக் கதிரைக்காரரிடம் சொன்னார். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். அக்காவின் தமையன் எழும்பி, “அப்பான்ர கண்டிப்பிலதான் தங்கச்சி இவ்வளவு பொறுமையா வந்தவ” என்று பேசியபோதுதான் என்னால் பொறுக்க முடியவில்லை. முன்வரிசையில் பொல்லை ஊன்றியபடி இருந்த அக்காவின் அப்பா, அந்தக் கிழவர், தலையாட்டினார். சுற்றி இருந்தவர்களும் ஆட்டினார்கள். தன்னைச் சரிப்படுத்த அக்கா ஆயுள் முழுக்கப் பட்ட பாட்டை, அவரை உடைத்த மனிதரின் கணக்கில் எழுதிவிட்டார்கள். வாய் திறக்கப் பார்த்தேன். தொண்டை பூட்டிக்கொண்டது.

முப்பத்தோராம் நாளுக்கு வருகிறவர்களுக்கு இறந்தவரின் நினைவாகக் கொடுக்கும் கல்வெட்டுப் புத்தகத்தில் ஒரு பக்கம் எழுதச் சொல்லித் தமையன் தொலைபேசியில் அழைத்தார். “அப்பான்ர கண்டிப்பைப் பற்றியும் ரெண்டு வரி போடுங்கோ தங்கச்சி. அவருக்கும் ஆறுதலா இருக்கும்.” எங்கள் கல்வெட்டுகளில் இறந்தவர்களுக்கெல்லாம் தங்கமான தாய் தகப்பன்தான். அதற்கு ஓம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நேரே வருகிறேன் என்று சொல்லிவிட்டு அவர்கள் வீட்டுக்குப் போனேன்.

வாசலில் செருப்பைக் கழற்றினேன். உள்ளே சீமெந்துத் தரை குளிர்ந்தது. கிழவர் அறையில் படுத்திருந்தார். தமையன் கதிரையை இழுத்துப் போட்டார். நான் உட்காரவில்லை. பாதத்தை அழுத்தி வைத்துக்கொண்டு தொண்டை எங்கே பூட்டுகிறது என்று பார்த்தேன். பூட்டத்தான் செய்தது. ஆனால் ஆர் வந்திருப்பது என்று தெரிந்தது. மாமிதான். நான் நின்றதோ மாமியின் வீட்டில் இல்லை.

“அண்ணா, அது கண்டிப்பில்லை. அடி. அதை நான் எழுதமாட்டன்” என்றேன். குரல் நடுங்கியது, நிற்கவில்லை. “நீங்களும் அலுமாரிக்குப் பின்னால நிண்டனீங்கள் எண்டு அக்கா சொன்னவ.”

அவர் அறைப்பக்கம் பார்த்துக் குரலைத் தாழ்த்தி, “அந்த அலுமாரி இப்பவும் உள்ளதான் கிடக்கு” என்றார். “இதுகளை எழுதவேண்டாம் தங்கச்சி. அப்பா இருக்கிறார்.”

கல்வெட்டு வந்தது. அதில் கண்டிப்பான தந்தை இருக்கிறார், என் பக்கம் இல்லை. அந்தப் பக்கம்தான் இது.

எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை. அக்காவின் மேசைக்குப் புதிதாக ஒருவர் வந்துவிட்டார், அலுமாரியை அடித்துத்தான் சாத்துகிறார். சத்தம் கேட்டதும் நான் செருப்பைக் கழற்றுகிறேன். எனக்கென்று அக்கா விட்டுப்போனது அதுதான். நேற்று அந்தப் புதியவர் குனிந்து பார்த்து, காலில் ஏதும் வருத்தமோ என்று கேட்டார்.

“இல்லை, காலிலயில்லை. சின்னனில வந்தது” என்று சொன்னேன். தொண்டை பூட்டவில்லை.