என் தொப்பையைக் கரைத்தது எந்த டப்பாவும் இல்லை

என் தொப்பை குறைந்ததைப் பற்றி எங்கள் ஊரில் ஒரு பொய் உலவுகிறது. வாய்ப்பேச்சாக உலவியிருந்தால் தொலையட்டும் என்று விட்டிருப்பேன். படமாக அச்சடித்துச் சுவரில் ஒட்டிவிட்டார்கள். அதனால்தான் நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

நான் பஸ் டிரைவர். கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் வழியாக வெள்ளிமலை போகும் வண்டி. மலை ரோட்டு வளைவுகளில் ஸ்டியரிங்கை ஒடித்து ஒடித்தே என் தோள் உரமேறிப்போனது. தோளுக்குக் கீழே கதை வேறு. பஸ் நிற்கிற டீக்கடையில் டிரைவரிடம் காசு வாங்க மாட்டார்கள். வண்டி நிறையக் கூட்டத்தைக் கொண்டுவந்து இறக்குகிறோமே, அதற்கான மரியாதை. அந்த மரியாதையில் சர்க்கரை எப்போதும் கூடுதலாகவே விழும், கூடவே கேட்காமலே ஒரு வடையும் வரும். வேண்டாம் என்றால் கடைக்காரர் முகம் சுண்டிவிடும். யார் முகமும் சுண்டாமல் பார்த்துக்கொண்டதில் என் வயிறு வளர்ந்து ஸ்டியரிங்கைத் தொட்டது.

டெப்போவில் உடம்பைப் பரிசோதித்தபோது சர்க்கரை எக்கச்சக்கமாக இருந்தது. டாக்டரம்மா மாத்திரை எழுதினார். பிறகு கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "வாயைக் கட்டுங்க, தினமும் நடங்க. அடுத்த செக்கப்புலயும் இப்படியே இருந்தா மலை ரூட்டுக்கு நான் கையெழுத்துப் போட மாட்டேன்" என்றார். மலை வண்டி போய்விட்டால், டெப்போவுக்குள் வண்டியை முன்னும் பின்னும் நகர்த்தி நிறுத்துகிற வேலைதான். எந்த வளைவில் பனி இறங்கும், எந்த வளைவில் ஜீப்காரன் ஹாரன் அடிக்காமல் வருவான் என்று அத்தனையும் உடம்பிலேயே பதிந்துபோன ரோடு அது. அதை இன்னொருவன் ஓட்டுவதை நினைத்தாலே வயிறு எரிந்தது.

விஷயம் மச்சினன் காதுக்கு எட்டியது. என் மனைவியின் தம்பி. பெரிய தெருவில் அவன் சத்து பவுடர் கிளப் நடத்துகிறான். காலையில் ஆட்கள் வந்து, மிக்சியில் அடித்த பவுடர் பாலைக் குடித்துவிட்டுப் போவார்கள். அங்கே ஒரு எடை மெஷின் இருக்கிறது. ஏறி நின்றால் உடம்புக்கு என்ன வயசு என்று அதுவே சொல்லும். என்னை ஏற்றினான். என் அப்பா செத்த வயசைத் தாண்டி ஒரு வயசைச் சொல்லியது அந்தச் சனியன்.

"பாத்தியா மாமா! வாயக் கட்ட வேணாம், ஓட வேணாம், நடக்க வேணாம். காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணு. சாப்பாட்டுக்குப் பதிலா இத்த குடி, போதும்" என்றான்.

அப்போது பக்கத்தில் ஒரு ரைஸ்மில் முதலாளி தன் டம்ளரைக் காலி செய்து வாயைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். "இன்னாங்க, அதுக்குள்ள கெளம்பிட்டீங்க?" என்று மச்சினன் கேட்டான். "வூட்ல இட்லி ஆறிப்பூடும்பா" என்றார் அவர்.

நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். எங்கள் பக்கத்து ஆட்களுக்கு இட்லியையே டிபன் என்றுதான் சொல்ல வரும். சோறு வயிற்றில் விழுந்தால்தான் சாப்பிட்டதாகக் கணக்கு. இவர்களிடம் போய் ஒரு டம்ளர் பாலைச் சாப்பாட்டுக்குப் பதில் என்றால்? அந்தக் கிளப்பில் அத்தனை பேரும் பவுடரையும் குடித்து, வீட்டுக்குப் போய் இட்லியையும் தின்று, மதியம் சோற்றையும் ஒரு பிடி பிடித்தார்கள். மெஷின் மட்டும் பாவம், தினமும் ஏதோ ஒரு வயசைச் சொல்லிக்கொண்டிருந்தது.

"எனக்கு வேணாம் மச்சான்" என்றேன். அவன் விடவில்லை. வீட்டுக்கே வந்து ஒரு டப்பாவைத் தன் அக்கா கையில் கொடுத்துவிட்டுப் போனான். பிறந்த வீட்டிலிருந்து வந்ததை எப்படி மறுப்பாள்? வாங்கிக்கொண்டாள். "இது ஆடிச் சீரா, பொங்கல் சீரா?" என்று கேட்டேன். அவள் டப்பாவைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள்.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். மாத்திரையே ஆகாது என்கிற ஆள் இல்லை நான். ரத்தத்தைப் பார்த்துவிட்டு வைட்டமின் குறைவு என்று டாக்டரம்மா எழுதியதை ஒழுங்காகப் போட்டேன், இன்னும் போடுகிறேன். குறையைப் பார்த்து மருந்து கொடுப்பது ஒன்று. ஆளைப் பார்த்து டப்பாவைத் தள்ளிவிடுவது வேறு. இதைச் சொன்னால் எனக்குத் திமிர் என்கிறார்கள். இருக்கட்டும்.

நடக்க ஆரம்பித்தேன். எங்கள் ஊரில் நடப்பது அவ்வளவு லேசு இல்லை. இங்கே ரோட்டில் தெரிந்தவர் நடந்து போனால் வண்டியை நிறுத்தி ஏற்றிக்கொள்ளாமல் போவது பெரிய குற்றம். நான் பஸ் டிரைவர், என்னைத் தெரியாதவர் யார்? விடியற்காலை கச்சிராயபாளையம் ரோட்டில் கால் வைத்ததும் முதல் பைக் நின்றது.

"இன்னாண்ணா, வண்டி இன்னா ஆச்சி? நடந்துகினு போறீங்க?"

"சும்மா நடக்குறேன்பா."

"சும்மாவா? வூட்ல எதுனா பிரச்னையா?"

அவனை அனுப்பினால் கரும்பு டிராக்டர் நிற்கும். அதை அனுப்பினால் எங்கள் டெப்போ பஸ்ஸே நிற்கும். பயணிகள் எல்லாரும் ஜன்னல் வழியாக எட்டிப் பார்க்க, கண்டக்டர் விசிலை ஊதிவிட்டு "ஏறுங்கண்ணா" என்பான். முதல் வாரம் பாதி நாள் ஏறிவிட்டேன், மறுக்க வாய் வரவில்லை. உடற்பயிற்சிக்குக் கிளம்பியவன் பஸ்ஸில் உட்கார்ந்து வீட்டுக்கு வந்து இறங்கினேன். மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். அதற்கப்புறம்தான் எனக்கு ரோஷம் வந்தது. யார் நிறுத்தினாலும் கையை ஆட்டிவிட்டு நடையைக் கட்டினேன். ஒரு சொந்தக்காரர் கோபித்துக்கொண்டு இன்றுவரை பேசுவதில்லை. டீக்கடையில் சர்க்கரை வேண்டாம், வடை வேண்டாம் என்றேன். கடைக்காரர் முகமும் சுண்டியது. சுண்டட்டும் என்று விட்டுவிட்டேன்.

சாப்பாட்டை மனைவி கையில் எடுத்தாள். வெள்ளிமலைச் சந்தையிலிருந்து நான் சாமை வாங்கி வந்தேன். சாமை நல்லது என்று எல்லாரும் சொல்கிறார்களே, நல்லதை எதற்குக் குறைவாகச் சாப்பிட வேண்டும் என்று அரிசிச் சோற்றைவிட அதிகமாக வாரிக் கொட்டிக்கொண்டேன். சர்க்கரை இறங்கவே இல்லை. ஒருநாள் அவள் என் தட்டை எடுத்து உள்ளே வைத்துவிட்டு, குழந்தைக்கு வைக்கிற சின்னத் தட்டைக் கொண்டுவந்து வைத்தாள். அதில் பாதிக்குக் கீரையும் அவரைக்காயும். மீதியில்தான் சாமை. "இன்னாடி இது, கோழிக்குப் போடற மாதிரி?" என்று கத்தினேன். "மலைக்கு வண்டி ஓட்டணுமா வேணாமா?" என்றாள். வாயை மூடிக்கொண்டு சாப்பிட்டேன். பசித்தது. பொய் சொல்லவில்லை, ராத்திரிகளில் நன்றாகவே பசித்தது. அவளும் அதையேதான் சாப்பிட்டாள். அவளுக்கு எந்த டாக்டரும் சொல்லவில்லை.

அடுத்த பரிசோதனையில் டாக்டரம்மா ரிசல்ட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கையெழுத்துப் போட்டார். அன்றைக்கு மலை ஏறும்போது ஹாரனைத் தேவையில்லாமல் அடித்துக்கொண்டே போனேன்.

அந்தச் சந்தோஷம் கொஞ்ச நாள்தான். பெரிய தெரு வழியாக வரும்போது கிளப் சுவரில் என்னையே பார்த்தேன். ஒரு படம் காதுகுத்தில் எடுத்தது, வேட்டிக்கு மேலே தொப்பை வழிய நிற்கிறேன். இன்னொன்று, ரிஷிவந்தியம் கோயிலுக்குப் போனபோது மச்சினன் செல்போனில் எடுத்தது, ஒடிசலாக இருக்கிறேன். மேலே 'முன்பு', 'பின்பு' என்று சிவப்பு எழுத்து. நடுவில் அவன் டப்பா.

உள்ளே நுழைந்து கத்தினேன். கூட்டம் டம்ளரோடு திரும்பியது. அவன் அசரவில்லை. சிரித்துக்கொண்டே, "கோவப்படாத மாமா. ஒனக்குத் தெரியாது. அக்கா தெனமும் கூழ்ல கலந்துதான் குடுத்துச்சி" என்றான்.

நடந்தது நான். பசித்தது எனக்கு. அத்தனையும் பவுடரா? வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் மனசு கசந்தது. அவளிடம் கேட்கவும் பயமாக இருந்தது. ஆனாலும் கேட்டேன்.

அவள் ஸ்டூலைப் போட்டு ஏறி, பரணிலிருந்து டப்பாவை எடுத்தாள். மேலே தூசி படிந்திருந்தது. சீல் பிரிக்கவே இல்லை. தூசியைக்கூடத் துடைக்காமல் இடுப்பில் இடுக்கிக்கொண்டு தெருவில் இறங்கினாள். நான் பின்னாலேயே ஓடினேன்.

டப்பாவைத் தம்பியின் மேஜைமேல் டொக்கென்று வைத்தாள். "இத்தினி நாளா அடுப்பாண்ட நின்னது நானு. ஒன் டப்பா பரண் மேல நின்னுது. சீலைப் பாருடா" என்றாள்.

"அக்கா, சும்மா பிசினசுக்குச் சொன்னேன்க்கா…"

அவள் கேட்கவில்லை. சுவரருகே போனாள். ஒடிசலாக நின்ற என்னை மட்டும் நகத்தால் மெதுவாக, கிழியாமல் உரித்தெடுத்தாள். தொப்பைக்காரனை அப்படியே விட்டாள்.

"அவர நீயே வெச்சிக்கோ. இவரு நான் ஆக்கிப்போட்டு நடக்கவுட்ட ஆளு" என்றாள்.

தொப்பைக்காரன் இன்னும் அந்தச் சுவரில்தான் இருக்கிறான். வெள்ளிமலை வண்டியை ஓட்டுகிறவன் அவன் இல்லை.