உடுப்புப் பக்கம் போகமாட்டன்

சொந்தமாகத் துப்பாக்கி ரவை செய்கிறவர்களுக்கு டை விற்பது கலியாணம் பேசுவது மாதிரி. இரண்டு பக்கமும் பொருந்தாவிட்டால் திட்டு நடுவில் நின்றவளுக்குத்தான். கவுண்டருக்குப் பின்னால் நின்று நின்று கால் வீங்கிய என் இனத்தவர்களே, இதை உங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை.

ஆனால் டை என்றால் என்னவென்று சொல்லத்தான் வேண்டும். சுட்டுமுடிந்த வெற்றுத் தோட்டாக் கோதை எறியாமல், அதற்குள் திரும்ப வெடிமருந்து போட்டு, வாயில் புதுச் சன்னம், அதாவது பறந்துபோய்த் தைக்கிற குண்டு, வைத்து ரவையாக்குகிறவர்கள் இந்த ஊரில் நிறையப்பேர். சிலர் சன்னத்தைக்கூட வாங்குவதில்லை, ஈயத்தை உருக்கித் தாங்களே வார்ப்பார்கள். அந்தச் சன்னத்தைக் கோதின் வாயில் நேராக, வேண்டிய ஆழத்துக்கு இருத்துகிற உருக்குக் குழாய்தான் டை. அதற்குள் ஒரு தண்டு இருக்கும். டையைப் பூட்டுகிற பிரஸ் இயந்திரத்தின் கைப்பிடியை இழுத்தால் தண்டு சன்னத்தின் தலையில் அழுத்தும். அவ்வளவுதான். இந்த அவ்வளவுக்குள்தான் என் சண்டையெல்லாம்.

டோர்வல் பக்கம் வேட்டைச் சாமான் கடை. முதலாளி ரெனே. நான் அங்கே உடுப்புப் பகுதியில் வேட்டைக்காரர் போடுகிற தோடம்பழ ஆரஞ்சு நிற மேற்சட்டைகளை மடித்துக்கொண்டிருந்தவள். டைக் கவுண்டரில் நின்றவர் ஓய்வுபெற்றுப் போனதும், அவருக்குப் பக்கத்தில் நின்று ஆசைப்பட்டுப் பழகிய நான்தான் அந்த இடத்தைக் கேட்டேன். ரெனே தலையைச் சொறிந்தார். மான் வேட்டைச் சீசன் தொடங்கும்வரை பார்ப்போம், முறைப்பாடு வந்தால் திரும்ப உடுப்புக்கு என்றார். விமான நிலையத்தில் கூட்டித் துடைத்தது, கார்டெரி என்கிற பிள்ளைகள் காப்பகத்தில் சமைத்தது எல்லாம் யாரோ பிடித்துத் தந்த வேலைகள். இந்த ஊருக்கு வந்து நானாகக் கேட்டு வாங்கிய முதல் வேலை இது. விடுவதாக இல்லை.

மற்றவர்கள் பிரெஞ்சில் சொன்னதை நான் என் தமிழில் தருகிறேன். அவர்களுக்கு அதனால் ஒரு குறையும் வராது.

ஆம்பிளை தேடியவர்

லூசியன் சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவிலிருந்து வருகிற கிழவர். தகப்பனின் பழைய ரைபிளுக்குத் தானே ஈயச் சன்னம் வார்க்கிறவர். முதல்நாள் "பொன்ஷூர்" சொல்லிவிட்டு, என் தலைக்கு மேலாலும் இரண்டு தோளுக்கு மேலாலும் பார்த்தார். நான் நிற்கிற இடம் தவிர எல்லா இடமும் பார்த்தார். கடைசியில், கதைக்கிறதற்கு ஆம்பிளை ஆரும் இல்லையோ என்று கேட்டார்.

இருக்கிறார் என்றேன். சப்பாத்துப் பகுதியில் நின்ற மார்க்கைக் கூப்பிட்டேன். ஆறடி உயரம், தாடி, கட்டம்போட்ட சேட்டு. லூசியனின் முகம் மலர்ந்துவிட்டது. ஈயச் சன்னத்துக்கு எந்த டை நல்லது, கோதின் வாயோரம் இறுக்க வேறு டை வேண்டுமா என்று ஒரே மூச்சில் கேட்டுத் தள்ளினார். மார்க் கடைசிவரை மரியாதையாகக் கேட்டுக்கொண்டு நின்றான்.

"என்னட்டைக் கேட்டால் கால் அளவுதான் சொல்லுவன், மிசியே. டையெண்டால் இவவைத்தான் கேட்கோணும்."

மூக்கு நசிந்த சன்னம்

கர்க்லாண்டிலிருந்து ஒரு இளம் தகப்பன் வந்தார். உள்ளங்கையில் அவர் செய்த ரவைகள். ஒவ்வொரு சன்னத்தின் தலையிலும் வட்டமாக ஒரு காயம், போதாததற்கு ஒருபக்கம் சரிவு. டை பழுது, கடையில் இருப்பதிலேயே விலைகூடியதை எடுங்கோ என்றார்.

டை பழுதில்லை. அவருடைய சன்னம் தட்டைத் தலை. டைக்குள் இருந்த தண்டோ கூர்மூக்குள்ள செம்பு உறைச் சன்னத்துக்கென்று நுனி குடைந்து செய்தது. செம்பு தாங்கும், ஈயம் தாங்காது. குடைவின் விளிம்பு ஈயத்தில் பதிந்து, ஒருபக்கம் தள்ளி, கோணலாக இறக்கிவிடும். தண்டை மட்டும் மாற்றினால் போதும் என்றேன். அவர் விலைகூடிய பெட்டியைக் காட்டி, அதுதான் வேண்டும் என்றார். அதற்குள்ளும் கூர்மூக்குத் தண்டுதான் இருக்கிறது, தரமாட்டேன் என்றேன். மனிதர் தண்டை வாங்கிக்கொண்டு முகத்தைச் சுளித்தபடி போனார். பின்னால் திரும்பினால் ரெனே நிற்கிறார்.

"ஜெயந்தி, நாங்கள் இந்தக் கடையைச் சாமான் விக்கிறதுக்குத்தான் திறந்து வைச்சிருக்கிறம்."

பூசை முடிந்த பிறகு

முறைப்பாடு கடைக்குள்ளிருந்து மட்டும் வரவில்லை. தேவாலயத்தில் ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து கோப்பி குடிக்கிற இடத்தில் சவேரி அக்கா என்னைப் பிடித்தார். மன்னார் ஆள், எங்கள் பங்கில் அவருக்குத் தெரியாமல் ஒரு கதவும் திறக்காது. "ஷெல்லுக்கும் ரவைக்கும் பயந்து ஓடிவந்த சனம் நாங்கள். நீ போய் அதையே விக்கிறியே, வெக்கமில்லையோ?" என்றார். பக்கத்தில் நின்றவர்கள் கோப்பியைக் குடிக்காமல் நின்றார்கள்.

எனக்குக் கோபம் வந்தது. பங்கருக்குள் பிள்ளையை மடியில் அமர்த்திக்கொண்டு குந்தியிருந்தவள் நான். ரவை எப்படிப்பட்டதென்று எனக்கு யாரும் படிப்பிக்க வேண்டாம். "அக்கா, இஞ்சை ரவை கேட்டு வாற ஒவ்வொருத்தரிட்டையும் நான் முதல்ல லைசன்ஸ் அட்டையைக் கேட்கிறன். அங்கை எங்களைச் சுட்டவங்கள் ஆரும் என்னட்டை ஒண்டும் காட்டேல்லை," என்றேன். சொன்னதில் ஒரு சொல்லையும் திருப்பி எடுக்கமாட்டேன். அக்கா கோப்பிக் கோப்பையை வைத்துவிட்டுப் போனார். அடுத்த ஞாயிறு அதே இடத்தில் கையைப் பிடித்து ஒதுக்குப்புறமாக இழுத்துக்கொண்டு போனார்.

"அதை விடு பிள்ளை. என்ரை மருமோன் சும்மாதான் இருக்கிறார், உன்ரை கடையில ஒரு வேலை எடுத்துக் குடுக்கேலாதோ?"

ஒரே இழுவை

செல்வம் அண்ணை விமான நிலையத்தில் பொதி ஏற்றுகிறவர். வாரவிடுமுறையில் சுடுகளத்தில் காகிதக் குறிக்குச் சுடுகிறவர். அவர் மனைவி வீட்டிலேயே இடியப்பம் அவித்து ஓடருக்குக் கொடுப்பவர். பிழிகிற வேலை அண்ணையுடையது. கோதின் வாயில் ஈயம் மோதிரமாகச் சீவுப்பட்டு நிற்கிறது, ஏன் என்று கேட்டு வந்தார்.

விசாரித்தால், எல்லாம் ஒரே இழுவையில். கோதின் வாயைக் கொஞ்சம் விரிக்கவில்லை. சன்னத்தை இருத்துகிறபோதே ஓரத்தையும் இறுக்குகிறார். சன்னம் இன்னும் இறங்கிக்கொண்டிருக்கும்போது வாய் இறுகினால் ஈயத்தைச் சீவாமல் என்ன செய்யும்? முதலில் விரியுங்கோ, பிறகு இருத்துங்கோ, கடைசியாக வேறு டையில் இறுக்குங்கோ என்றேன். "மூண்டு இழுவையோ? ஒரே இழுவையில முடிக்கிறதுதான் கெட்டித்தனம்," என்றார்.

"அண்ணை, மாவைக் குழைக்காமல் உரலுக்குள்ள போட்டு, பிழியவும் அவிக்கவும் ஒரேயடியாச் செய்யிறனீங்களோ?"

அண்ணை மூன்று டையையும் எடுத்துக் கவுண்டரில் வைத்தார்.

"இதை மட்டும் மனுசிக்குச் சொல்லிப்போடாதையும் பிள்ளை. பேந்து மாக் குழைக்கிறதும் என்ரை தலையிலதான் விழும்."

காற்சட்டைகளுக்கு நடுவில்

சீசனுக்குக் கொஞ்சம் முந்தி, கடை நிறையச் சனம் நிற்கிற நேரம், லூசியன் டையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்தார். முதல் செய்கிற ரவைகள் சரியாம், போகப்போகச் சன்னம் தானாக ஆழமாய் இறங்குகிறதாம். இந்த மதாம் பழுதை விற்றுவிட்டாளாம்.

ஈயச் சன்னத்துக்குக் கிறீஸ் பூசுவார்கள். அது டைக்குள் ஏறித் தண்டின் நுனியில் படிந்து இறுகும். தண்டு நீண்டமாதிரி ஆகிவிடும், சன்னம் இறங்கும். கொஞ்சம் செய்ததும் கழற்றித் துடையுங்கோ என்று விற்கிறபோதே சொன்னேன். அவர் அந்த நேரம் மார்க்கைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதைச் சொல்ல வாயெடுத்தேன், ரெனே விடவில்லை. வாடிக்கையாளரோடு வாதாடக் கூடாதாம். லூசியனுக்குப் புது டை, கவுண்டருக்கு மார்க், எனக்கு உடுப்பு. எல்லாருக்கும் முன்னால். தோடம்பழ மேற்சட்டையைக் கையில் எடுத்தபோது கண் எரிந்தது. அழவில்லை. அழுதால் அதையும் இன்னொரு முறைப்பாடாகக் கணக்கு வைப்பார்கள்.

அடுத்த சனிக்கிழமை, காற்சட்டைகள் தொங்குகிற கம்பிகளுக்கு நடுவில் ஒரு தொப்பி அசைந்தது. லூசியன். புது டையும் அதே சேட்டையாம். மார்க், மதாமிட்டைக் கேளுங்கோ என்று அனுப்பினானாம். கிழவர் முதற்தடவையாக என் முகத்தைப் பார்த்துக் கதைத்தார்.

பதில் நாக்கு நுனியில் நின்றது. துணியால் ஒரு துடை, வேலை முடிந்தது. ஆனால் காற்சட்டைக்கு நடுவில் நின்று அதைச் சொன்னால், நான் காலத்துக்கும் காற்சட்டைக்கு நடுவில்தான். ரெனேக்கு ஒரே சம்பளத்தில் கவுண்டர் ஆளும் கிடைக்கும், உடுப்பு ஆளும் கிடைக்கும்.

"ஆழமாய் இறங்கின ரவைகளைச் சுடாதேங்கோ, அது ஆபத்து. அதை எங்கை நிண்டும் சொல்லுவன்," என்றேன். "மிச்சம் டைக் கவுண்டரில மட்டும்தான் சொல்லுவன். என்னை அங்கை விடச் சொல்லி முதலாளியைக் கேளுங்கோ."

"மாட்டீரோ?"

"மாட்டன்."

லூசியன் என்னைப் பார்த்தார், கையிலிருந்த டையைப் பார்த்தார், பிறகு பக்கத்தில் தொங்கிய காற்சட்டை ஒன்றை இழுத்துத் தோளில் போட்டுக்கொண்டு நேரே ரெனேயிடம் நடந்தார். வேலை போனால் போகட்டும் என்று நானும் பின்னால் போனேன். அவர் குரல் சப்பாத்துப் பகுதிவரை கேட்டது.

"இந்த மதாமை அவவின்ரை இடத்தில விடும், ரெனே. இல்லாட்டி ஒரு டைக்கு வழி கேட்கவும் நான் இஞ்சை ஒவ்வொரு கிழமையும் காற்சட்டை வாங்கோணும்."

சன்னத்தின் தலைக்குப் பொருந்தாத தண்டை வைத்து அழுத்தாதே என்று ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டு திரும்பவும் கவுண்டரில் நிற்கிறேன், என்னை அழுத்திப் பார்க்க வருகிறவர்களுக்கும் அதே ஆலோசனைதான்.