அறுவடை முடியட்டும்

"அக்கா, ஒண்ணு பிரேக்கைப் பிடிங்க, இல்ல ஆக்ஸிலேட்டரை முறுக்குங்க. ரெண்டையும் சேர்த்துப் பண்ணா வண்டி என்னதான் செய்யும், பாவம்!"

பின்சீட்டில் இருந்தபடி எல்சி அதட்டுகிறாள். ஐம்பது வயதில் ஸ்கூட்டி பழக வந்த என் முதுகில் செல்லமாக ஒரு தட்டும் விழுகிறது.

குடவாசலில் பெண்களுக்கு வண்டி ஓட்டக் கற்றுக்கொடுக்கிறாள் எல்சி. முப்பத்துமூன்று வயது. சுடிதாருக்குக் கீழே ஆண்கள் போடும் ஷூ, கழுத்தில் ஒரு விசில். ஆடு குறுக்கே வந்தாலும் ஊதுவாள், மினி பஸ் வந்தாலும் ஊதுவாள். பத்தே நாளில் யாரையும் ஓட்ட வைத்துவிடுவாள், என்னைத் தவிர.

இவ்வளவு துணிச்சலும் ரெஜின் விஷயத்தில் எங்கோ போய்விடும். அவன் நெல் அறுக்கும் மெஷின் ஓட்டுகிறவன். ஏழு வருடக் காதல். இவள் லுத்தரன் சபை, அவன் கத்தோலிக்கன். "ரெண்டு பேரும் ஒரே ஏசுவைத்தான் கும்பிடுறோம். அதை அவங்க அம்மாகிட்ட யாருக்கா சொல்றது?" சொல்ல வேண்டியவனோ குறுவை முடியட்டும் என்பான். குறுவை முடிந்தால் சம்பா. சம்பாவும் முடிந்தால் மெஷினோடு ஆந்திராவுக்குக் கிளம்பிவிடுவான். அங்கேயும் நெல் விளைந்து தொலைக்கிறதே!

வெள்ளிக்கிழமை வந்தால், "இவன் வேணாங்க்கா. முடிவு பண்ணிட்டேன்" என்பாள். திங்கட்கிழமை முகம் மாறியிருக்கும். "நேத்து சர்ச் வாசல்ல வந்து நின்னான். பனங்கிழங்கு வாங்கிட்டு வந்தான்."

"கிழங்குக்காகவா மனசு மாறின?"

"நாரெல்லாம் எடுத்துக் கொடுத்தான்க்கா."

நான் பழக வந்த இந்த இரண்டு மாதத்தில் மட்டும் ஆறு தடவை அவனை விட்டிருக்கிறாள். ஆனால் அவள் அப்பா தஞ்சாவூரில் ஆஸ்பத்திரியில் கிடந்த பதினோரு நாளும் கூடவே இருந்து பார்த்துக்கொண்டவன் அவன்தான். அதைச் சொல்லும்போது மட்டும் அவளுக்குச் சிரிப்பு வராது.

போன வாரம் அவள் அண்ணன் மயிலாடுதுறையிலிருந்து ஒரு வரன் கொண்டுவந்தார். ஞாயிற்றுக்கிழமைக்குள் பதில் வேண்டுமாம். "மாப்பிள்ளை எப்படி?" என்று கேட்டேன். "அது கிடக்கட்டுங்க்கா. முதல்ல எனக்கு இவன்கிட்ட பதில் வேணும்" என்றாள்.

சனிக்கிழமை காலை நாங்கள் பழகும் ரோட்டோரம் ரெஜினின் மெஷின் வந்து நின்றது. குதித்து இறங்கியவனிடம் எல்சி வரன் விஷயத்தைச் சொன்னாள். "இப்பவே உங்கம்மாவுக்குப் போன் போடு. என் எதிர்ல சொல்லு."

போட்டான். "அம்மா, நான்தான்... சாப்பிட்டியா?... கால் வலி தேவலையா?... ஒண்ணுமில்லம்மா, சும்மாதான் போட்டேன்."

போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். "இந்த அறுவடை மட்டும் முடியட்டும், எல்சி."

விசில் ஊதுவாள், வெடிப்பாள் என்று பார்த்தேன். அவளோ அவன் புருவத்தில் ஒட்டியிருந்த வைக்கோல் தூசியைத் துப்பட்டா நுனியால் நிதானமாகத் துடைத்துவிட்டாள்.

"சரி, போ" என்றாள். போயிட்டு வா என்று சொல்லவில்லை.