இரண்டாம் தரம் கேட்ட கேள்வி

ஆழ்வாப்பிள்ளை தேத்தண்ணியைக்கூட மணந்து பார்த்துவிட்டுத்தான் குடிப்பார். கோப்பாயில், செம்மண் தோட்டங்களுக்கு நடுவே போகும் அந்த ஒழுங்கையில் எல்லோருக்கும் அது தெரியும். மீன்காரன் தராசை ஒருமுறை தூக்கினால் இவர் இன்னொருமுறை தூக்கச் சொல்வார். "யமன் வந்தாலும் உந்த மனிசன் அடையாள அட்டை கேக்கும்" என்று மனைவி கேதீஸ்வரியே சொல்லிச் சிரிப்பாள்.

அப்படிப்பட்டவருடைய படலையில் ஒருநாள் காலை ஸ்கூட்டியை நிறுத்திவிட்டுக் கஜானி என்ற பெண் வந்து நின்றாள். ஆஸ்பத்திரியில் தாதி. மேற்படிப்புக்காக ஓர் ஆய்வு செய்கிறாளாம். சீனி வருத்தம் என்கிற நீரிழிவு உள்ளவர்கள் தங்கள் கால்களை எப்படிப் பார்த்துக்கொள்கிறார்கள் என்று கேட்டு அறிய வேண்டுமாம். ஆழ்வாப்பிள்ளைக்கும் சீனி, கேதீஸ்வரிக்கும் சீனி. ஒழுங்கையில் பாதிப்பேருக்குச் சீனி.

"எங்கடை வீட்டை உமக்கு ஆர் காட்டினது?" என்று படலையைத் திறக்காமலே கேட்டார்.

"ஒருத்தரும் காட்டேல்லை ஐயா. கிளினிக்குக்கு வாற ஆக்கள் இருக்கிற ஒழுங்கையளை எழுதிச் சீட்டுக் குலுக்கினது. இந்த ஒழுங்கை விழுந்தது. நாங்களா தெரிஞ்செடுத்தால் எங்களுக்கு வசதியான ஆக்களைத்தானே தெரிவம்."

"என்ரை சீவியத்திலை ஒரு லொத்தர்ச் சீட்டு விழேல்லை. கேள்வி மட்டும் விழுந்துட்டுதோ?"

கஜானி சிரித்தாள். ஆழ்வாப்பிள்ளை சிரிக்கவில்லை. பெயர் எழுதமாட்டோம், இலக்கம் மட்டும்தான் என்றாள் அவள். விருப்பமில்லை என்றால் மறுக்கலாம், இடையில் விலகலாம், சொன்னதைப் பிறகு திருப்பியும் எடுக்கலாம் என்றாள். "இண்டைக்கு விளக்கம் மட்டும். ஆறுதலா யோசியுங்கோ. அடுத்த கிழமை வந்து கேக்கிறன்" என்று சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனாள்.

யோசிக்க நேரம் கொடுத்ததுதான் அவருக்குப் பெரிய சந்தேகம். நல்ல காரியத்துக்கு ஏன் இத்தனை வாசல் திறந்து வைக்கிறார்கள்? பொழுதுபடுமுன் பக்கத்து வீட்டு நமசிவாயத்தின் முற்றத்தில் ஒழுங்கைச் சனம் கூடிவிட்டது. நமசிவாயம் பஸ் கொண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர், ஊர்க்கதை எல்லாம் அவரிடம் ரிக்கெட் எடுத்துத்தான் போகும்.

"காலைக் கவனிக்காத ஆக்களுக்குக் கிளினிக் மருந்தை நிப்பாட்டப் போறாங்களோ தெரியாது" என்றார் அவர்.

"அதுதான் இதுக்குப் பின்னாலை இருக்கிற அலுவல்," என்றார் ஆழ்வாப்பிள்ளை. "எல்லாரும் ஒரே சொல்லாச் சொல்லுவம். நாள்தோறும் காலைப் பாக்கிறம். சவுக்காரம் போட்டுக் கழுவி ஈரம் துடைக்கிறம். வெறுங்காலோடை வெளிக்கிடுறதில்லை."

உண்மை என்னவென்றால், அந்த ஒழுங்கையில் ஒருவரும் செருப்போடு தோட்டத்துக்குள் இறங்குவதில்லை. வெங்காயப் பாத்தியைச் செருப்பால் மிதித்தால் சீதேவி போய்விடுவாள் என்பது அவர்களுடைய நம்பிக்கை. ஆனாலும் எல்லோரும் தலையாட்டினார்கள். ஒரே சொல் என்று ஆழ்வாப்பிள்ளை சொன்னால் அந்த ஒழுங்கையில் யாரும் காரணம் கேட்பதில்லை.

காரணம் எல்லோருக்கும் தெரியும். சண்டைக் காலத்தில் துவக்கோடு வந்தவர்கள் அவருடைய தம்பி சிவகரன் எங்கே என்று கேட்டார்கள். தோட்டத்தில் என்றார் தகப்பன். அடுத்தநாள் திரும்பி வந்து அதையே கேட்டார்கள். கொழும்புத்துறையில் மாமி வீட்டில் என்று தாய் சொல்லிவிட்டாள். இரண்டு சொல் போதுமாக இருந்தது. தேடிப் பிடித்துக்கொண்டு போனார்கள், சிவகரன் திரும்பவேயில்லை. அதிலிருந்துதான் ஆழ்வாப்பிள்ளை இப்படி ஆனார். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று சொல்லுகிறவர்கள் சொல்லட்டும், அவர் கண்டது பேயைத்தான்.

அடுத்த கிழமை கஜானி வந்தபோது ஒழுங்கை முழுவதும் புதுச்செருப்பு. ஆழ்வாப்பிள்ளை சந்திக் கடையில் தனக்கும் மனைவிக்கும் வாங்கினார், அதைப் பார்த்து மற்றவர்களும் அதையே வாங்கினார்கள். வீட்டுக்கு வீடு ஒரே நீலம். கஜானி கேட்டாள், எல்லோரும் ஒரே சொல்லைச் சொன்னார்கள், அவள் எழுதினாள். போகும்போது வாசல்களை ஒருமாதிரிப் பார்த்தாள்.

"எல்லாற்றை செருப்பும் ஒரே நிறமா இருக்கு."

"மலிவு விலைக்குப் போட்டவங்கள்" என்றார் ஆழ்வாப்பிள்ளை. சொல்லை அவர் சரியாகக் காத்துவிட்டார்.

"சில வீடுகளிலை இன்னொருக்காவும் கேப்பன் ஐயா. அதே கேள்வியள்தான். முதல் சொன்னதும் பிறகு சொல்லுறதும் பொருந்துதோ எண்டு பாக்கிறது எங்கடை முறை."

அன்று துவக்கோடு வந்தவர்களுடைய முறையும் அதுதானே.

அன்றுமுதல் கேதீஸ்வரியைச் செருப்பைக் கழற்ற விடவில்லை. "அவள் எந்த நேரம் வந்து நிப்பாளோ, போட்டுக்கொண்டே திரி" என்றார். அவளும் கிணற்றடிக்கும் குசினிக்கும் தோட்டத்துக்கும் செருப்போடு நடந்தாள். புதுச்செருப்பின் வார் சின்னவிரலை அரைத்ததை அவள் உணரவில்லை. சீனி வருத்தம் அந்தக் கால்களின் உணர்ச்சியை எப்போதோ தின்றுவிட்டிருந்தது. ஒருநாள் வீட்டுக்குள் ஏதோ நாறியது. எலி செத்துக் கிடக்கிறதென்று இருவரும் தேடினார்கள். எலி இல்லை. அவளுடைய சின்னவிரல் கறுத்து, அதன் அடியில் புண் வாய் திறந்திருந்தது.

"ஆசுப்பத்திரிக்குப் போவமே அப்பா?"

"உந்தக் காலோடை போனால் ஒழுங்கை முழுக்கச் சொன்னது பொய்யாப் போகும். அவள் இரண்டாம் தரம் வந்திட்டுப் போகட்டும். பிறகு போவம்."

மஞ்சளும் எண்ணெயும் போட்டுச் சீலையால் சுற்றினார். இரவெல்லாம் அவருக்கு நித்திரை இல்லை. அவளுக்குக் காய்ச்சல் தொடங்கியிருந்தது. ஒவ்வொரு ஸ்கூட்டிச் சத்தத்துக்கும் படலைக்கு ஓடினார். எந்தப் பெட்டை வரக்கூடாது என்று பயந்தாரோ, அவள் வந்து தொலையமாட்டாளா என்று இப்போது ஏங்கினார்.

கடைசியில் கஜானி வந்தாள். கேதீஸ்வரி கதிரையில் இருந்தாள், சீலை சுற்றிய காலின்மேல் சேலையை இழுத்து விட்டிருந்தாள். ஆழ்வாப்பிள்ளை வாசனைக் குச்சி கொளுத்தி வைத்திருந்தார். அதே கேள்விகள், அதே விடைகள். பொருந்தின.

கஜானி பேனையை மூடினாள். "சந்தோசம் ஐயா. கால் பராமரிப்புக்கு மாதம் ஒருக்கா ஒரு கிளினிக் வைக்கப்போகினம். எங்கை தேவை கூடவோ அங்கை எண்டு எங்கடை ஆய்வையும் பாத்துத்தான் முடிவெடுப்பினம். இந்த ஒழுங்கையிலை ஒருத்தருக்கும் குறையில்லை. அப்ப இங்கை வைக்க மாட்டினம்."

அவள் எழுந்து படலை வரைக்கும் போய்விட்டாள். ஆழ்வாப்பிள்ளை மனைவியைப் பார்த்தார். காய்ச்சலில் அவளுடைய உதடு நடுங்கியது. அவள் அவரைக் காட்டிக்கொடுக்கவில்லை. அவருடைய சொல்லைக் காத்துக்கொண்டு இருந்தாள், அவ்வளவுதான். அவர் எழுந்து படலைப் பக்கம் கூப்பிட்டார்.

"மிஸ்ஸி, நில்லும்! சொன்னதைத் திருப்பி எடுக்கலாம் எண்டனீரல்லோ?"

"ஓம் ஐயா."

"மெய்யாத்தானோ? பிறகு ஒண்டும் செய்யமாட்டினமோ?"

"மெய்யாத்தான்."

"அப்ப நான் எடுக்கிறன்." நிலத்தில் குந்தி, கேதீஸ்வரியின் காலில் சுற்றியிருந்த சீலையை அவிழ்த்தார். "இது உமக்குக் காட்ட வாங்கின செருப்பு வெட்டினது, பிள்ளை."

கஜானி ஏசவில்லை. புண்ணைப் பார்த்ததும் அவளுடைய முகம்தான் மாறியது. உடனே ஓட்டோ கூப்பிட்டாள். ஆஸ்பத்திரியில் சின்னவிரலை எடுத்தார்கள். இன்னும் தாமதித்திருந்தால் முழங்காலோடு போயிருக்கும் என்று டொக்டர் சொன்னார்.

கேதீஸ்வரி தேறியபின் ஒருநாள் கஜானி கட்டிலடிக்கு வந்தாள். பக்கத்தில் இருந்த ஆழ்வாப்பிள்ளையிடம், திரும்பவும் கேட்கலாமா, விருப்பம் இருந்தால் மட்டும் என்றாள்.

"கேளும்."

காலை நாள்தோறும் பார்ப்பீர்களா? இல்லை. தோட்டத்துக்குச் செருப்போடு போவீர்களா? இல்லை. கால் விறைப்பதைக் கிளினிக்கில் சொன்னீர்களா? இல்லை. ஒவ்வொரு இல்லையையும் அவர் பக்கத்துக் கட்டிலுக்கும் கேட்கத்தக்கதாகச் சொன்னார்.

"என்ரை பேரையும் போடும்."

"பேர் போடக்கூடாது ஐயா. இலக்கம்தான்."

அவர் கண்ணைச் சுருக்கினார். பழைய ஆழ்வாப்பிள்ளை எட்டிப் பார்த்தார். "அப்ப நான் சொன்னதைத்தான் நீர் எழுதினீர் எண்டு எனக்கு என்னெண்டு தெரியும்?"

கஜானி தாளைத் திருப்பிக் காட்டினாள். அவர் கண்ணாடியைப் போட்டு, விரல் வைத்து வாசித்தார். சரியாகத்தான் இருந்தது.

கேதீஸ்வரியை வீட்டுக்குக் கூட்டிவந்த அன்று நமசிவாயமும் மற்றவர்களும் படலையில் காத்துநின்றார்கள். மிஸ்ஸி திரும்ப வந்தால் என்ன சொல்லவேண்டும் என்று நமசிவாயம் தணிந்த குரலில் கேட்டார்.

"அவரவர் காலைப் பாத்து அவரவர் சொல்லுங்கோ" என்றார் ஆழ்வாப்பிள்ளை. பிறகு மனைவியை ஓட்டோவிலிருந்து கைத்தாங்கலாக இறக்கினார். கேள்வி கேட்டு வந்த ஒருவருக்கு இரண்டாம் தரம் வேறு சொல் சொல்லியும், அந்த வீட்டு ஆள் வீடு திரும்பியது அதுதான் முதல்தடவை.