போத்தல்தான் மணக்குது

வெறும் பியர்ப் போத்தல் ஒன்று கைக்கு வந்தால், அதன் வாயை மூக்கருகே கொண்டுபோய் ஒருமுறை மணந்து பார்ப்பேன். குடிப்பழக்கம் எனக்கு இல்லை. இது போத்தல் அண்ணையிடமிருந்து ஒட்டிக்கொண்ட பழக்கம்.

அப்போது நான் யாழ்ப்பாணத் தீவுப்பகுதியில் கரம்பொனுக்குப் பக்கத்தில், ஊரார் ஆசுப்பத்திரி என்று சொல்லும் ஒரு சிறிய மருந்தகத்தில் மருந்து கலந்து கொடுப்பவனாக இருந்தேன். தண்ணிமருந்துக்கு வருகிறவர்கள் போத்தலைத் தாங்களே கொண்டுவர வேண்டும் என்பது வழக்கம். தொண்ணூறில் சண்டை தொடங்கிக் கொழும்பு லொறிகள் வராமல் நின்றதும், வீடுகளிலிருந்த போத்தல்கள் எல்லாம் மண்ணெண்ணெய் சேர்த்துவைக்கப் போய்விட்டன. மண்ணெண்ணெய் பட்ட போத்தலில் மருந்து ஊற்ற முடியாது. காய்ச்சல்காரப் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வெறுங்கையோடு நிற்கும் தாய்மாரைத் திருப்பி அனுப்புவதே என் பெரிய வேலையாக இருந்தது.

அந்த நாட்களில்தான் போத்தல் அண்ணை சைக்கிளில் உரப்பையோடு வந்தார். முன்பு வெறும்போத்தல் சேர்த்து யாழ்ப்பாணத்துக்கு விற்றவர். இப்போது வாங்க ஆளில்லை. தவறணையில் கள்ளு ஊற்றி விற்ற பியர்ப் போத்தல்களைப் பொறுக்கி, சாம்பலும் தேங்காய்ப் பொச்சும் போட்டுக் கழுவிக் கொண்டுவருவார். நான் கடுதாசியை ஏணிப்படிபோல வெட்டி, வேளைக்கு இவ்வளவு என்று போத்தலில் ஒட்டிக் கொடுப்பேன். மண்ணிறக் கண்ணாடி என்பதால் வெயிலுக்கு நேரே பிடித்தால்தான் மருந்தின் அளவு தெரியும். எங்கள் ஊர்ச் சைவப்பழங்கள் பியர்ப் போத்தலைச் சால்வைக்குள் ஒளித்துக்கொண்டு கோயில் வீதியால் போன அழகை இன்று நினைத்தாலும் சிரிப்பு வரும்.

போத்தலைக் கொடுத்தபின் அவர் போகமாட்டார். மத்தியானம் வரைக்கும் வாசலில் கிடந்த மர வாங்கில் குந்தியிருப்பார். மனைவி இறந்துவிட்டாள், பிள்ளைகள் இல்லை. "இண்டைக்கு எத்தினை பேருக்குக் காணும், தம்பி?" என்று கேட்பார். எட்டுப் பேர் என்றால் முகம் மலரும். அவர் எதிர்பார்க்கப்பட்ட ஒரே இடம் மருந்து கொடுக்கும் எங்கள் யன்னலடிதான் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

ஒருநாள் காலை அவர் கிட்ட வந்ததும் கள்ளு மணம் குப்பென்று அடித்தது. வரிசையில் நின்ற பெண்கள் முகத்தைத் திருப்பினார்கள். எனக்குக் கோபம் வந்துவிட்டது. "காலமையே போட்டிட்டோ வாறீர்? இது ஆசுப்பத்திரி" என்றேன். அதுவரை அவரோடு நீங்கள் என்றுதான் கதைத்தவன் நான்.

அவர் போத்தல்களை ஒவ்வொன்றாக யன்னலில் வைத்தார். "நான் குடிக்கிறேல்லைத் தம்பி. போத்தல்தான் மணக்குது."

"எல்லாரும் உப்பிடித்தான் சொல்லுறவை" என்றேன். யாரோ சிரித்தார்கள். வாங்கில் இருக்காமல் அவர் போய்விட்டார்.

நான்கு நாள் அவரைக் காணவில்லை. தாய்மார் மறுபடி வெறுங்கையோடு திரும்பினார்கள். ஐந்தாம் நாள் அவர் வீட்டைத் தேடிப் போனேன். வேலியில் நட்ட கதியால் தடி ஒவ்வொன்றிலும் ஒரு போத்தல் தலைகீழாகக் காய்ந்துகொண்டிருந்தது. அவர் பக்கத்து ஊரான வேலணைக்குப் போயிருப்பதாக அயல்வீட்டு அக்கா சொன்னார். "ஒரு சொட்டு வாயில வைச்சறியாத மனுசன். மணம் போட்டுதோ எண்டு ஒவ்வொண்டா மணந்து மணந்து கழுவுவார், அடியில கிடக்கிற கள்ளு உடுப்பெல்லாம் ஊத்துப்படும்" என்றார். ஆசுப்பத்திரிக்கென்று அவர் வைத்துவிட்டுப்போன உரப்பையையும் எடுத்துத் தந்தார். நாளைக்கு வந்து மன்னிப்புக் கேட்போம் என்று திரும்பினேன். மறுநாள் விடியவே சண்டை நெருங்கி ஊர் முழுக்க இடம்பெயர்ந்தது. பிறகு அவரைக் கண்டவர் ஒருவரையும் நான் சந்திக்கவில்லை.

இப்போது கனடாவில், மாடிக் குடியிருப்பில் தனியாக இருக்கிறேன். அயலவர் எறியும் பியர்ப் போத்தல்களைச் சேர்த்து, கிழமைக்கொருதரம், வெறும்போத்தலுக்குக் காசு கொடுத்துத் திருப்பி எடுக்கும் கடைக்குக் கொண்டுபோகிறேன். அங்கே நிற்கும் பெண் இன்று எத்தனை என்று கேட்பாள். அந்தக் கிழமையில் என்னிடம் ஒருவர் கேட்கும் கேள்வி சிலவேளை அது ஒன்றாகத்தான் இருக்கும்.

போன மாதம் பஸ்ஸில் போகையில் ஒரு போத்தலின் அடியில் கிடந்த பியர் என் கோட்டில் ஊற்றுப்பட்டது. பக்கத்தில் இருந்த தமிழ்ப் பிள்ளை மூக்கைச் சுளித்துக்கொண்டு வேறு இருக்கைக்குப் போய்விட்டாள். போத்தல்தான் மணக்குது பிள்ளை என்று வாய்வரை வந்தது. சொல்லவில்லை. அதற்கு என்ன பதில் வரும் என்று எனக்குத் தெரியும். அந்தப் பதிலைச் சொன்னவனே நான்தான்.