உச்சமுனைப் பெண்கள் முதலில் பார்த்த படம்

மஸீதா மிஸ் வியாழக்கிழமை காலை புத்தளம் வைத்தியசாலையில் காலமானதை அவருடைய தம்பி தொலைபேசியில் உறுதிப்படுத்தினார். அன்றே அஸர் தொழுகைக்குப் பின் கனமூலையில் நல்லடக்கம் நடந்தது. மையவாடி வாசலில் பல்கலைக்கழக மாணவர்கள் சிலர் காலில் சேறு காயாமல் நின்றார்கள். கடலோரக் களப்பிலிருந்து நேரே வந்திருந்தார்கள்.

அவர்களின் பயிற்சிக்குப் பொறுப்பாக இருந்தவர் மஸீதா மிஸ். புத்தளம் களப்பின் சதுப்பு நிலங்களுக்கு வரும் பறவைகளை ட்ரோன் கமெராவால் படமெடுப்பதும், அவற்றின் குரல்களைப் பதிவு செய்வதும் மாணவர்களின் வேலை.

பறவைகள் வரும் முதல் பருவத்தில் செய்திக்காக நானும் உச்சமுனைத் தீவுக்குப் படகில் போனேன். எழும்பிய ட்ரோன் வீடுகளுக்கு மேலாகச் சுற்றிவிட்டுப் பறவைகளிடம் போனது. அது இறங்குவதற்குள் தீவின் பெண்கள் வந்துவிட்டார்கள். முன்னால் நின்ற பௌசியா, ஈரத் தலையில் துணி சுற்றியிருந்தார்.

“கொக்குப் பாக்க வந்த நீங்க எங்கட கிணத்தடிக்கு மேல என்னத்தத் தேடுறீங்க?”

படம் பல்கலைக்கழகத்துக்கு மட்டும்தான் போகும் என்றார் ட்ரோனை இயக்கிய மாணவர்.

“ஏன், அங்க ஆம்புளையள் இல்லையா?”

மிஸ் மாணவருக்காக வாதாடவில்லை. கவிழ்த்திருந்த தோணியொன்றின் மேல் மடிக்கணினியை வைத்தார். ஆண்களைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, கிணற்றடி தெரிந்த பகுதியைப் பெண்களின் கண் முன்னே அழித்தார்.

“இனி எடுக்கிற படம் முதல்ல உங்களுக்குத்தான். நீங்க வாணாம் எண்டா, அது இல்ல.”

அதுவே நடைமுறையாயிற்று. பின்னேரங்களில் பிளேன்டீயும் படமும். நாளடைவில் ஆண்களான எங்களுக்கும் பார்க்க இடம் கிடைத்தது. ஒருநாள் பூநாரைகளுக்கு அப்பால் ஒரு தோணி தெரிந்தது.

“அந்தா என்ட மனுசன். வலை போடப் போறேண்டு போய், உள்ள நித்திரை,” என்றார் பௌசியா.

“அழிக்கவா, ராத்தா?” என்று கேட்டார் மிஸ்.

“வாணாம். வெச்சிரிங்க, தேவப்படும்.”

இன்னொரு நாள், பூநாரைகள் கூட்டமாக எழும்பும் அருமையான காட்சியின் ஓரத்தில் தலைத்துணியில்லாமல் ஒரு பெண் நின்றிருந்தார். வேண்டாம் என்றார்கள். ஓரத்தை மட்டும் வெட்டலாமே என்று மாணவர் கெஞ்சினார்.

“வெட்டலாம்தான், மகன். நான் அழிக்கிறேண்டு சொல்லிட்டேனே,” என்றார் மிஸ். முழுவதும் போயிற்று. திரும்பும் வழியில் மதுரங்குளி வரை அந்த மாணவர் அவரோடு கதைக்கவில்லை. சந்தியில் இறங்கி, பேக்கரியில் அவருக்குப் பணிஸ் வாங்கிக் கொடுத்தார் மிஸ்.

ஒலிப்பதிவுகள் எல்லாம் மிஸ்ஸின் குரலில்தான் தொடங்கும். இடம், காற்றின் திசை, பிறகு “பிள்ளைகள், இனிக் கதைக்காதீங்க.” அதற்குப் பின் பறவைகள்.

நேற்று மாணவர்கள் ட்ரோன் இல்லாமல் தீவுக்குப் போனார்கள். வாக்குக் கொடுத்தவர் இல்லை. இந்தப் பருவமும் பறக்கவிடலாமா என்று கேட்டார்கள். கடைசிப் பதிவைப் போடச் சொன்னார் பௌசியா. மிஸ்ஸின் குரல் வந்தது. அது சொன்னபடியே பெண்களும் பேச்சை நிறுத்தினார்களாம்.

அல்லாஹ் அவருடைய கப்றுக் குழியை விசாலமாக்குவானாக.

பெண்களின் பதில் இன்னும் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை சொல்வதாகச் சொல்லியிருக்கிறார்கள். வரும்போது மடிக்கணினியையும் கொண்டுவரச் சொன்னாராம் பௌசியா.