மபாஸாவுக்கு ஒரு கோடு

முப்பத்தாறு வயதில் நிஷ்மியா கம்ப்யூட்டரில் படம் வரையும் வகுப்பில் சேர்ந்தபோது, மாத்தளைப் பக்கம் நாலந்தாவுக்கு உள்ளே இருந்த அவளுடைய ஊர் ஆளுக்கொரு காரணம் சொன்னது. வெளிநாடு போகப் பார்க்கிறாள் என்றார்கள் சிலர். புருஷன் ரிஸ்வியின் மிளகு வியாபாரம் படுத்துவிட்டது என்றார்கள் வேறு சிலர். இரண்டும் இல்லை. தன் மகள் எங்கே உறங்குகிறாள் என்பது அவளுக்குத் தெரிந்தாக வேண்டும். காரணம் அது ஒன்றுதான்.

மூன்று வருடங்களுக்கு முன் டெங்குக் காய்ச்சல் நான்கே நாளில் மபாஸாவைக் கொண்டுபோயிற்று. குழந்தைக்கு வயது நான்கு. வெள்ளைத் துணியில் சுற்றிய அந்தச் சின்ன உடம்பை ரிஸ்வி இரு கைகளிலும் ஏந்திக்கொண்டு நடந்தான். அந்த ஊரில் இறந்தவர்களை அடக்கும் மையவாடிக்குப் பெண்கள் போவதில்லை. பத்து மாதம் சுமந்தவள் வாசற்படியோடு நின்றுவிட்டாள். பள்ளிவாசலுக்குப் பக்கத்தில், ஆள் உயர மதிலுக்குள், தலைமாட்டிலும் கால்மாட்டிலும் நட்ட இரண்டு மீஸான் கட்டைகளுக்கு நடுவே பிள்ளை பத்திரமாக இருக்கிறாள் என்று நினைத்து நினைத்தே காலம் தள்ளினாள்.

போன நவம்பர் பெருமழையில் ஓயா ஆறு கரையை உடைத்துக்கொண்டு வந்தது. மையவாடியின் மதிலும் போயிற்று, கேட்டும் போயிற்று. தண்ணீர் வடிந்த பிறகு, வாழ்க்கையில் முதன்முறையாக, நிஷ்மியா ரோட்டில் நின்று அந்த நிலத்தைப் பார்த்தாள். பார்க்க அங்கே என்ன இருந்தது? முழங்கால் அளவு சேறு மட்டும்தான்.

அன்று மாலை ரிஸ்வி சேற்றுக் காலோடு குசினி வாசலில் குந்தினான்.

"எந்த எடமெண்டே வெளங்கல்ல, நிஷ்மி. நடந்து நடந்து பாத்தேன். என்ட புள்ளக்கி மேலாலயே மிதிச்சேனோ என்னமோ..."

முகத்தைப் பொத்திக்கொண்டான். அவனை அப்படி அவள் பிள்ளையின் ஜனாஸா நாளில்கூடப் பார்த்ததில்லை.

வழி ஒன்று இருந்தது. பள்ளிவாசலில் பாங்கு சொல்லிவந்த, காலஞ்சென்ற மோதினார் ரவூப், வாலிபத்தில் நில அளவையாளர்களோடு அளவுச் சங்கிலி இழுத்தவர். அந்தப் பழக்கத்தில், அடக்கிய ஒவ்வொரு கபுரையும் கொப்பியில் குறித்து வைத்திருந்தார். கேட்டுத் தூணிலிருந்து எந்தப் பாகையில், எத்தனை அடியில் என்று. 'ரிஸ்வி மகள் மபாஸா, 140, 62' என்றிருந்தது ஒரு வரி. ஆனால் தூணையே வெள்ளம் கொண்டுபோய்விட்டதே! அது நின்ற இடம் பழைய காணிப் படத்தில் மட்டும் இருந்தது. படத்தையும் கொப்பியையும் சேர்த்து வரைய ஓர் ஆள் வேண்டும். பள்ளிவாசல் நிர்வாகம் "பார்ப்போம்" என்றது. மூன்று மாதம் பார்த்தது. தானே வரையப் படிக்க, நிஷ்மியா மாத்தளைக்குப் பஸ் ஏறினாள்.

வகுப்பெடுத்த ஹம்சிகா எல்கடுவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துப் பெண். நிஷ்மியாவைவிடப் பத்து வயது இளையவள். முதல் இரண்டு வாரம் கோடு தொடங்கும் புள்ளி, முடியும் புள்ளி என்றே போயிற்று. நிஷ்மியா மவுசைப் பிடித்து இழுத்த கோடுகள் புழுவாய் நெளிந்தன. மூன்றாம் வாரம் நீளமும் பாகையும் கொடுத்து வரையும் பாடம்.

"நீளத்த அடிங்க, பாகைய அடிங்க, என்டரத் தட்டுங்க. சொன்ன பேச்சக் கேக்கும். என் தம்பி மாதிரி இல்ல," என்றாள் ஹம்சிகா.

நிஷ்மியா பயிற்சித் தாளை ஒதுக்கிவிட்டுக் கொப்பியைத் திறந்தாள். காணியின் நான்கு எல்லைகள், ரோடு, தூண், வெள்ளத்துக்கு அசையாத கிணறு, பள்ளிவாசல் மூலை எல்லாவற்றையும் இட்டாள். பிஸ்மி சொல்லி 62 என்றும் 140 என்றும் அடித்தாள்.

கோடு மேலே கிளம்பியது. எல்லையைத் தாண்டி, ரோட்டையும் கடந்து அந்தப் பக்கம் போய் விழுந்தது.

பக்கத்து மேசை ரமேஸ் எட்டிப் பார்த்தான். "அக்கா, ஒங்க கோடு ரோட்டத் தாண்டிக் கடைக்குப் போவுது! எனக்கும் ரெண்டு பணிஸ் வாங்கியாரச் சொல்லுங்க!"

வகுப்பு சிரித்தது. அவள் அழித்தாள், திரும்ப வரைந்தாள். மூன்று தரமும் கோடு ரோட்டைத்தான் கடந்தது. ரவூப் நானா பிழையாக எழுதிவிட்டாரா? அப்படியென்றால் அவர் கொப்பி முழுக்கப் பொய்யா? பிள்ளை இனிக் கிடைக்கவே மாட்டாளா? திரை கலங்கி மறைந்தது.

"என்னங்க அக்கா, வீட்டுப் படமா?" என்று கேட்டபடி ஹம்சிகா அருகே வந்தாள்.

"மையவாடி மிஸ். அந்தக் கோட்டுட முடிவுலதான் என்ட மகள்ட கபுர் ஈக்கோணும்."

சிரிப்பு நின்றது. ரமேஸ் எழுந்து நின்றான்.

ஹம்சிகா கொப்பியை இரு கைகளாலும் வாங்கிப் பார்த்தாள். "இத யாருங்க எழுதினது?"

"சர்வேயர்மாரோட வேல செஞ்ச ஒருத்தர்."

"அதான்! அவங்க திசைகாட்டியில வடக்கதான் சைபரா வச்சு வலப்பக்கமா எண்ணுவாங்க. இந்த மெசினு கெழக்க சைபரா வச்சு இடப்பக்கமா எண்ணும். அவரு எழுதினது சரிங்கக்கா. அவரோட நூத்தி நாப்பது இங்க முன்னூத்திப் பத்து. அடிச்சுப் பாருங்க."

அடித்தாள். கோடு திரும்பியது. எல்லைக்குள் இறங்கி, தென்கிழக்கே போய் நின்றது.

நம்பலாமா? சேறு காய்ந்த பிறகு தலை காட்டிய ஒரே கபுர் ஹவ்வா உம்மாவுடையது. அது கிணற்றிலிருந்து பத்தொன்பது அடி என்று ரிஸ்வி நாடா பிடித்து அளந்திருந்தான். கொப்பியில் இருந்தபடி அதையும் வரைந்தாள். திரையிலும் பத்தொன்பது!

மபாஸாவின் புள்ளி பள்ளிவாசல் மூலைக்கும் கிணற்றுக்கும் எத்தனை அடி என்று குறித்துக்கொண்டாள். வேலை முடிந்தது. ஆனாலும் யாரும் கேட்காத ஒரு கோட்டை அவள் கடைசியாக வரைந்தாள். அந்தப் புள்ளியிலிருந்து நேராக ரோட்டோரம் வரை ஒரு கோடு. நாற்பத்தேழரை அடி.

ஞாயிற்றுக்கிழமை காலை, மதில் இருந்த இடத்தில் போட்டிருந்த கம்பி வேலிக்குள் ரிஸ்வி இரண்டு நாடாக்களோடு இறங்கினான். பள்ளிவாசல் மூலையிலிருந்தும் கிணற்றிலிருந்தும் இழுத்த இரண்டும் சந்தித்த இடத்தில் மண்டியிட்டு, காய்ந்த சேற்றைக் கையாலேயே விலக்கினான். முழங்கை மறையும் ஆழத்தில் விரல் மரத்தில் தட்டியது. குட்டையான மீஸான் கட்டை. பிள்ளையின் உயரத்துக்கென்று அவனே செதுக்கியது.

மனைவியைக் கூப்பிட விம்மலோடு தலை நிமிர்ந்தான். கூப்பிட வேண்டியிருக்கவில்லை. ரோட்டோரம், அவனுக்கு நேர் எதிரே, வேலிக் கம்பியைப் பிடித்தபடி நிஷ்மியா நின்றிருந்தாள். ஒரு தாய் வந்து நிற்கக்கூடிய ஆகக் கிட்டிய இடம் எதுவென்று அவள் ஏற்கெனவே அளந்து வைத்திருந்தாள்.

"அஸ்ஸலாமு அலைக்கும், மகள்," என்றாள்.